அமர்த்தவில்லை, நிற்க வைத்தார்கள்

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் முன்பு ரோட்டு வேலை பார்த்த பிரிவில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் பிரசாந்த் பேசினான். நல்ல பையன். வேலைக்கு வந்து இன்னும் சூடு ஆறவில்லை.

"மேடம், ஒரு டவுட்டுங்க. ரோட்டுக் காண்ட்ராக்ட்ல அப்ரண்டிஸ் வச்சிருக்காங்கன்னு ஒரு சர்டிபிகேட் குடுக்கணுமில்லீங்களா, அதுக்கு நீங்கல்லாம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"பேனாவுலதான்" என்றேன்.

"அய்யோ, அது இல்லீங்க மேடம். காண்ட்ராக்டர் வாட்ஸப்ல போட்டோ அனுப்பியிருக்காரு. புள்ளைங்க ஹெல்மெட் போட்டு, ஜாக்கெட் போட்டு அழகா நிக்கிறாங்க. ஆபீஸ்ல எல்லாரும் இது போதும், போட்டுடுங்கறாங்க. போதுங்களா?"

"என்ன பண்றாங்க?"

"நிக்கிறாங்க மேடம்."

நிக்கிறாங்க! பையன் தெரியாமல்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "போட்டோவை எனக்கு அனுப்பு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். அனுப்பிவிட்டான். நான் இன்னும் திறக்கவில்லை. இதை எழுதி முடித்த பிறகுதான் திறப்பதாக இருக்கிறேன். முதலில் திறந்தால் கோபத்தில் எழுத்து ஓடாது.

நான் ரோட்டு வேலைக்கு வந்த காலத்தில் இந்த மாவட்டத்தில் பெண் எஞ்சினியர் என்றால் சித்தாள்கள்கூடத் தட்டுக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். 'இன்சினீரம்மா' என்று ஒரு பேரும் வைத்தார்கள். எனக்கு வாய்த்த முதல் மேலதிகாரி சிடுமூஞ்சி. ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டார். ஆனால் முதல் நாள் காலையிலேயே லெவல் மெஷினுக்கு முன்னால் என்னைத் தள்ளி, "கண்ணை வை, வாயை மூடு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மாலைக்குள் நான்கு முறை திட்டு வாங்கினேன். ஐந்தாவது முறை சரியாகப் படித்தேன். மீதிக் காலமெல்லாம் அந்த ஒரு நாளில் கற்றதை வைத்துத்தான் ஓட்டினேன். சிடுமூஞ்சியாக இருந்தாலும் மனுஷன் கருவியை என் கையில் கொடுத்தார் பாருங்கள், அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுவேன்.

லெவல் மெஷின் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்று கால் நிறுத்தி, மேலே கருவியை வைத்து, கீழே இருக்கும் திருகுகளைத் திருப்பித் திருப்பி கருவியில் இருக்கும் சின்ன நீர்க்குமிழியை வட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முன்னால் லென்ஸுக்கு ஒரு கறுப்பு மூடி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். தூரத்தில் ஒரு ஆள் கோடு போட்ட உயரமான ஸ்டாஃப் குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பான். இங்கிருந்து பார்த்தால் அந்தக் குச்சியில் எந்த எண் தெரிகிறதோ அதை வைத்து இடம் மேடா பள்ளமா என்று கணக்குப் போடுவோம். ரோட்டில் மழைத் தண்ணீர் நிற்பதும் ஓடுவதும் இதில்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்து வரும் பிள்ளைக்கு ஒரு வாரம் கையில் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு வாரம்!

ஆனால் எங்கள் பக்கத்து ஐ.டி.ஐ. பிள்ளைகள் பலருக்கு அந்தக் கருவியைப் படத்தில்தான் தெரியும். ஒன்று இருக்கும், அதுவும் ரிப்பேர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? அதனால்தான் பெரிய ரோட்டுக் காண்ட்ராக்டுகளில் உள்ளூர்ப் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை வந்தபோது நான் ஆபீசில் எல்லோருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தேன். தமிழில் அவர்களுக்குத் 'தொழிற்பழகுநர்' என்று பேர். பழகுநர்! எவ்வளவு நல்ல பேர். வேலையில் நின்று, கை வைத்து, தப்புச் செய்து, பழகிக்கொள்கிற ஆள். பேர் வைத்தவன் நன்றாக இருக்கட்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பதை அப்புறம்தான் கண்டேன்.

முதல் காண்ட்ராக்டில் நான் பார்த்தது ஷாமியானா பிள்ளைகளை. சைட்டில் வேலை செய்கிறவர்களே வைத்த பேர் அது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் காலையில் ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். மடிப்புக் கலையாத ஆரஞ்சு ஜாக்கெட், புது ஹெல்மெட். அதிகாரி போனதும் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அதே வேனில் போய்விடுவார்கள். கல்யாணம் முடிந்தால் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டு போகிற மாதிரி. ஒரு பையனைப் பிடித்து, "தம்பி, உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டேன். "தெரியலீங்க மேடம், சிரிக்கச் சொன்னாங்க" என்றான். நான் சத்தம் போட்டேன், கடிதம் எழுதினேன், ஒருவழியாக அடுத்த காண்ட்ராக்டில் தினமும் வருகிற பிள்ளைகளை எடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அந்த அடுத்த காண்ட்ராக்டில்தான் பூங்கொடி வந்தாள். மாரண்டஹள்ளிப் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலை. பூங்கொடி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், தக்காளி போடுவார். அவள் ஐ.டி.ஐ.யில் படித்தது சர்வேயர் டிரேடு. பெரியப்பா வீட்டில் எல்லாரும், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரோடு அளக்கிற படிப்பு?" என்று சொல்லியும் அப்பன் அனுப்பியிருந்தார். அப்ரண்டிஸ் காலம் ஒரு வருஷம். அது முடிந்ததும் செய்முறைத் தேர்வு. லெவல் வைத்துக் காட்ட வேண்டும். தேறினால் சர்வேயர் வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் பெரியப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், திரும்பவும் தக்காளிக் காட்டுக்குத்தான். பிள்ளைக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அவள் கையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கொடி.

சிறுபாலம் கட்டுவதற்காக ரோட்டில் பாதியைத் தோண்டிவிட்டதால் வண்டிகள் ஒரு பக்கமாகத்தான் போக முடியும். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நின்று சிவப்பும் பச்சையும் காட்ட வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதுதானே? வைக்கவில்லை. அப்ரண்டிஸ்தான் சும்மா இருக்கிறதே!

காண்ட்ராக்டரின் சைட் சூப்பர்வைசர் தேவராஜ் என்று ஒருவர். வாய் நிறையச் சிரிப்பு, வாய் நிறையப் பாக்கு. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, சர்வேயர் படிச்ச புள்ளை கையில கொடியைக் குடுத்து வெயில்ல நிக்க வச்சிருக்கீங்களே, இது அடுக்குமா?"

"மேடம், பேரே பூங்கொடிங்க. பேர்லயே கொடி இருக்குது. நான் என்னங்க பண்ணட்டும்?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து சைட்டில் அவள் பேர் சிவப்புக்கொடி. "சிவப்புக்கொடி, டீ சொல்லு." "சிவப்புக்கொடி, தண்ணி கேன் வந்துச்சா பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"லெவல்ல அவளைப் பாக்க விடுங்க. தினமும் கொஞ்ச நேரம் போதும்."

"மிஷின் காஸ்ட்லிங்க மேடம். தட்டி விட்டுட்டா? சரி, நீங்க சொல்லிட்டீங்க, பண்ணிடறேங்க."

பண்ணவில்லை. அடுத்த முறை போனபோதும் கொடிதான். மழைக்காலம் வந்தது, கொடிதான். ஒரு நாள் என் வண்டிப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "மேடம், வூட்ல போயி இன்னிக்கி என்ன கத்துக்கிட்டன்னு எங்கப்பா கேக்கறாருங்க. என்னங்க சொல்றது? பரீட்சையில கொடி காட்டினா மார்க் போடுவாங்களா?" அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் காண்ட்ராக்டருக்குக் கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. பூங்கொடி லெவல் மெஷினில் கண் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். புது ஹெல்மெட். பின்னால் தேவராஜ், கையை நீட்டி ஏதோ விளக்குகிற மாதிரி நிற்கிறார். பார்க்க அவ்வளவு லட்சணமான படம். எல்லாம் சரி, லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை! கறுப்பு மூடி போட்டது போட்டபடி இருக்க, பிள்ளை அதற்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது என்பார்களே, அதைக் கண் முன்னால் பார்த்தேன். அடப் பாவிகளா, ஏமாற்றுவதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா?

படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோட்டப் பொறியாளரிடம் போனேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். 'இல்லை' என்று சொல்லவே மாட்டார். மேசையில் எப்போதும் ஒரு கொய்யாப்பழம் இருக்கும். கத்தியால் அதை அழகாக நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, ஒரு துண்டை நமக்கும் நீட்டுவார். நாம் கோபமாகப் பேச வாயைத் திறந்தால் அதற்குள் கொய்யா இருக்கும். எத்தனையோ பேரின் கோபத்தை அவர் அப்படியே மெல்ல வைத்திருக்கிறார்.

நான் கொய்யாவைத் தொடவில்லை. படத்தையும் சான்றிதழ்த் தாளையும் மேசையில் வைத்தேன்.

"சார், இந்த அப்ரண்டிஸ் சர்டிபிகேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சான்றிதழை எடுத்து நிதானமாக வாசித்தார். "ஒப்பந்ததாரர் நிபந்தனைப்படி தொழிற்பழகுநர்களைப் பணியில் அமர்த்தியுள்ளார் எனச் சான்றளிக்கப்படுகிறது." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கத்துக் குடுத்தாங்கன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காம்மா? அமர்த்தியுள்ளார், அவ்வளவுதான். அமர்த்தியிருக்காங்கல்ல?"

"அமர்த்தலீங்க சார். நிக்க வச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். நல்ல ஜோக் கேட்டது போல. "நல்லாப் பேசறீங்கம்மா. பாத்துக்கலாம். அந்தச் சிறுபாலத்தைப் பார்க்க நானே வரேன்." ஒரு துண்டு கொய்யாவை மறுபடி நீட்டினார்.

சொன்னபடி வந்தார். நான் முன்னாலேயே போய்ச் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதிகாரி வருகிறார் என்பதால் லெவல் மெஷினைத் துடைத்து, மூன்று காலில் ஏற்றி, ரோட்டோரம் அலங்காரமாக நிறுத்தியிருந்தார்கள். மூடி போட்டுத்தான். பூங்கொடி வழக்கம்போல முனையில், கொடியோடு.

ஜீப் வந்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. பச்சை காட்ட வேண்டியவள் சிவப்பைத் தூக்கினாள்.

டிரைவர் நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து ஹாரன் அடித்தார். கொடி இறங்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் பாலக்கோட்டு டவுன் பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அந்த முனையில் நின்ற அப்ரண்டிஸ் பையன் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் சிவப்பைத் தூக்கிவிட்டான். இரண்டு பக்கமும் ரோடு அடைத்துக்கொண்டது. தேவராஜ் பாக்கைத் துப்பிவிட்டு ஓடினார்.

"ஏய், யாரு வண்டி தெரியுதா? எறக்குடி கொடியை!"

"சிவப்பு காட்டினா யாரா இருந்தாலும் நிக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் அவள். "இந்தச் சைட்டுல எனக்குச் சொல்லிக் குடுத்தது இது ஒண்ணுதாங்க. இதையாச்சும் ஒழுங்காச் செய்யறேன்."

பஸ்ஸிலிருந்து ஒரு ஆயா தலையை நீட்டி, "ஏன் சாமி, தக்காளி வெயில்ல வெந்துபோவுது, என்னன்னு கேட்டு உடுங்களேன்!" என்று கத்தியது. கோட்டப் பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். முகத்தில் அதே சாந்தம்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"லெவல்ல ஒரு தடவை பாக்கணுங்க சார். பாத்துட்டுப் பச்சை காட்டறேன்."

இத்தனை பேர் பார்க்கும்போது அவரால் என்ன சொல்ல முடியும்? "பாரும்மா" என்றார். பூங்கொடி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லெவலுக்கு நடந்தாள். முதல் வேலையாக லென்ஸ் மூடியைக் கழற்றினாள். வைக்க இடமில்லாமல், பக்கத்தில் வந்து நின்ற கோட்டப் பொறியாளரிடமே நீட்டி, "கொஞ்சம் புடிங்க சார்" என்றாள். அவரும் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

கண்ணை வைத்தாள். தூரத்தில் ஒரு ஆளை ஸ்டாஃப் பிடிக்கச் சொன்னேன். "மேடம், எவ்வளவு கிட்டத் தெரியுதுங்க!" என்று கூவினாள். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் எண்ணைப் படித்தாள்.

தப்பாகப் படித்தாள். மேலிருந்து கீழே எண்ணுவதா, கீழிருந்து மேலே எண்ணுவதா என்றே தெரியாமல் குழம்பி, மறுபடி படித்து, அதையும் தப்பாகச் சொன்னாள். தேவராஜ் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் சார் கொடி குடுத்தோம்!"

என் சர்வீஸில் நான் சைட்டில் அவ்வளவு கத்தியதில்லை. "வாயை மூடுய்யா! இத்தனை மாசம் நிக்க வச்சுட்டு ஒரு நிமிஷத்துல படின்னா எவளுக்கு வரும்? நான் நாலு தடவை தப்பாப் படிச்சேன், அஞ்சாவது தடவைக்கு என்னை விட்டாங்க. இவளை ரெண்டாவதுக்கு மேல விட்டியா நீ?" பஸ்காரர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கோட்டப் பொறியாளர் என் தோளைத் தட்டாத குறையாக, "பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்" என்றார். பூங்கொடி சொன்ன சொல் மாறாமல் முனைக்குப் போய்ப் பச்சையைக் காட்டினாள். ஜீப் போனது, பஸ் போனது, தக்காளி போனது. அப்போதுதான் தேவராஜ் தலையில் கை வைத்தார். லென்ஸ் மூடி கோட்டப் பொறியாளரின் சட்டைப் பையில் போய்விட்டது.

மறுநாள் காலையில் மூடியைக் கொடுத்துவிட்டு வர டிரைவரைத் தனியாக அனுப்பினார்கள். லென்ஸில் தூசி படியக் கூடாதல்லவா? அதே காலையில் பூங்கொடியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அரசு வாகனத்தை மறித்தாள், ஒழுங்கீனம் என்று ஐ.டி.ஐ.க்கு ஒரு தாள் போனது. மூடி திரும்பி வந்தது, பிள்ளை வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், "அந்தப் பொண்ணு ஏங்க ஜீப்பை மறிச்சுது?" என்று என்னையே கேட்டார்கள். கடைசியில் அந்தச் சான்றிதழில் 'அமர்த்தியுள்ளார்' என்பதை அடித்துவிட்டு 'நிற்க வைத்துள்ளார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிரிவுக்காரரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். என்னை டெண்டர் பிரிவில் உட்கார வைத்தார்கள். பாருங்கள், ஒழுங்காக அமர்த்தப்பட்ட ஆள் நான் ஒருத்திதான்! ஓய்வு பெறும்வரை அதே நிபந்தனையை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சேர்ப்பதுதான் என் வேலை. 'கருவிகளைக் கையாளக் கற்றுக்கொடுத்து' என்று மூன்று சொல் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்டேன். மாதிரிப் படிவத்தைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. பிள்ளைகளின் வருஷத்தை விழுங்க அதிகாரம் இருக்கிறது, மூன்று சொல் சேர்க்க இல்லை.

பூங்கொடியை வேறு இடத்தில் சேர்க்க நாளாகிவிட்டது. அங்கும் கருவியைத் தொட விடவில்லை. செய்முறைத் தேர்வில் போய்விட்டது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். விடியுமுன் பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். எப்போதாவது போன் செய்வாள். போன மாதம் பேசும்போது, "அங்க எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இங்கயும் நிக்கிற வேலைதாங்க மேடம். கொடி இல்ல, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். போனை வைக்கப் போகும்போது, "கீழ இருந்து மேல படிக்கணும், இல்லீங்களா மேடம்? அப்புறமா யோசிச்சேன்" என்றாள்.

"ஆமாண்டா கண்ணு" என்றேன்.

இதை எழுதிவிட்டுப் பிரசாந்த் அனுப்பிய படங்களைத் திறந்தேன். முதல் படத்தில் நான்கு பிள்ளைகள், கையில் கொடி. இரண்டாவது படத்தில் ஒரு பெண் லெவல் மெஷினில் கண் வைத்துக் குனிந்திருக்கிறாள். யாரோ பெற்ற பிள்ளை, பூங்கொடி வயசுதான் இருக்கும். பிரசாந்துக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ரெண்டாவது படத்தை விரலால பெரிசு பண்ணு. லென்ஸ்கிட்டப் பாரு. என்ன தெரியுது?"

பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"மூடி மேடம்."

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க மேடம்."

"அப்ப எதுக்குய்யா உன் பேனா? போ. இன்னிக்கே சைட்டுக்குப் போ. சர்டிபிகேட்டை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்த மூடியைக் கழட்டு."